இருபது விநாடி ரசிகர்

ஆத்தூர் ஒலிப்பித்தர் எந்தப் பாட்டையும் இருபது விநாடிக்கு மேல் கேட்பதில்லை. வீட்டுக்கு உயர்தர ஸ்பீக்கர் தேர்வு செய்வதே அவருடைய முழுநேர வேலை. அரிசி மண்டியோ ஜவ்வரிசி ஆலையோ, இடையிடையே கவனிக்கும் உபதொழில்.

வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இரண்டு அங்குலம் நகர்த்தி நேராக்கிய பிறகு சோதனை தொடங்கும். பாட்டு பெரும்பாலும் 'ப்ரியா' (1978). தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் சினிமாப் பாட்டுகள் அந்தப் படத்தினுடையவை என்ற முன்னுரை கட்டாயம் உண்டு. முகப்பு இசை ஓடும். இடப்பக்கப் பெட்டியில் ஏதோ 'டிங்' என்னும். "கேட்டுச்சா?" வலப்பக்கம் ஏதோ உரசும். "இது கேட்டுச்சா?" பாடகர் வாய் திறக்க மூச்சை இழுப்பார். "அந்த மூச்சு?" உடனே பாட்டு நின்றுவிடும். பாடகர் இழுத்த மூச்சைப் பல வருஷமாக வெளியே விடவே இல்லை. ஒயரை மாற்றிவிட்டு மறுபடி முகப்பு இசை. அந்தப் பாட்டுக்குச் சரணம் உண்டு என்பதே வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. "ஏஞ்சாமி, பாட்டு எப்பத்தான் பாடும்?" என்று உள்ளறையிலிருந்து தாயார் கேட்பார், பதில் வராது. ஒன்பது மணிக்கு டீக்கு வந்தவர் பதினொன்றரைக்கு ஒரு பாட்டுகூட முழுசாகக் கேட்காமல் எழுந்து போவார். மறுநாள் வேலைக்குப் போகிறவரை இப்படி உட்காரவைப்பது தொந்தரவு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கடைசிச் சுற்றுக்கு வரும் ஸ்பீக்கர்கள் எப்போதும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு. ஒன்று, பிரிட்டனின் கெஃப் எல்எஸ்50: ஐந்தேகால் அங்குலக் கோன், உணர்திறன் 85 டெசிபல். மற்றது அமெரிக்காவின் கிளிப்ஷ் லா ஸ்காலா: 105. இடைவெளி 20 டெசிபல் என்றால், அதே சத்தத்துக்குச் சின்னதற்கு நூறு மடங்கு வாட் வேண்டும். இந்தக் கணக்கு அவருக்குத் தூக்கத்திலும் வரும். லா ஸ்காலா ஹாரன் வகை. 1960களில் ஒரு கவர்னர் தேர்தல் பிரசாரத்துக்காகப் பிறந்தது. அந்த வகையில் அது நம் மாரியம்மன் பண்டிகை மைக்செட்டுக்குப் பங்காளி. இதை எடுத்துச் சொன்னவருக்கு இரண்டாவது டீ கிடைக்காது.

அறையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசக் கூடாது. பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் சுருதி மாட்டிக்கொண்டு வீங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருப்பதால் மூன்று திசையிலும் வீங்குவது அதே சுருதிதான். எந்த நாட்டுப் பெட்டியை வைத்தாலும் அந்த அறையில் பேஸ் 'கும்'மென்று அடைக்கத்தான் செய்யும். டைல்ஸ் தரையில் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்தால் மேல்சுருதிகளின் கூச்சல் கொஞ்சம் அடங்கும். பின்சுவரை ஒட்டிய நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்தால் கும்மலும் குறையும். இரண்டாவது யோசனைக்குச் செலவே இல்லை. அதனாலேயே அது எடுபடுவதில்லை.

அவர் முழுப் பாட்டுக் கேட்கும் ஒரே இடம் சேலம் போகும் தனியார் பஸ். கோன் கிழிந்த ஸ்பீக்கர், டிரைவர் வைத்ததுதான் சத்தம். வாழப்பாடி வருவதற்குள் ஜன்னலோரம் அவர் தலை ஆடத் தொடங்கிவிடும், சரணமெல்லாம் மனப்பாடம். அப்போது பார்த்தால் நல்ல மனிதர்.

வாங்குவது அபூர்வம். சென்னைக்கு ரயிலேறி, ஷோரூமில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, "நம்ம ரூம்ல இப்படிக் கேக்காதுங்க" என்று சொல்லித் திரும்புவார். அது மட்டும் உண்மை. எல்எஸ்50 சந்தைக்கு வந்தது 2012இல். அதையே வாங்குவதென்று அவர் முடிவுக்கு வந்தபோது 2020 ஆகிவிட்டது. அந்த வருஷம் கம்பெனி அதன் இடத்தில் 'மெட்டா' என்ற புது மாடலை இறக்கியது. இப்போது மெட்டா பரிசீலனையில் இருக்கிறது. இத்தனை சோதனையும் நடப்பது, 'தற்காலிகம்' என்று சொல்லிச் சேலத்தில் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரு ஜோடிப் பெட்டியில். அதன் விலையை அவர் யாரிடமும் சொல்வதில்லை.