உலகக் குடிமகனுக்கு எந்தத் தெரு?

கேள்வி: நாடு நாடாக வேலை பார்த்த என் நண்பர், தன்னை 'உலகக் குடிமகன்' என்கிறார். அப்படி ஒருவர் இருக்க முடியுமா?

பதில்: இருந்தார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய அமெரிக்கர் கேரி டேவிஸ், 1948-ல் பாரிஸில் தன் குடியுரிமையையே துறந்தார். பிறகு 'உலக பாஸ்போர்ட்' அச்சிட்டு, அதை நீட்டியே எல்லைகளைத் தாண்டப் பார்த்தார். பல நாடுகளில் கம்பி எண்ணினார். சொன்ன சொல்லுக்கு விலை கொடுத்தவர் என்பதால் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உங்கள் நண்பரின் சட்டைப்பையிலோ செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்கிறது. அது இல்லாத அகதிக்கு உலகம் முழுக்கவே பூட்டிய கேட்தான். போகட்டும். உலகக் குடிமகனும் ஏதோ ஒரு தெருவில்தானே வாழ வேண்டும்? இப்போது குடியிருக்கும் தெருவில் எத்தனை பேர் பெயர் அவருக்குத் தெரியும்? இன்றைக்கே எதிர்வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.