சோபாவில் அமர்ந்த படர்க்கை: ஹாலில் ஆடப்படும் கணினி விளையாட்டுகள் குறித்து ஓர் ஆய்வு

கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவர்தான் விளையாடுகிறார் என்பது இத்துறையில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட பிழைக்கொள்கை. அதை மறுத்து, ஆட்டம் நடப்பதே அவருக்குப் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். கணினியை மேசையிலிருந்து பெயர்த்து ஹாலுக்குக் கொண்டுவந்து டிவியில் செருகியவர்கள் எல்லாரும் இதை அறிவர். ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

முதலில் இட வரையறை. கன்ட்ரோலர் பிடித்தவர் தன்மை. திரையில் அவர் ஆட்டிவைக்கிற வாத்தோ வீரனோ முன்னிலை. சோபாவில் இருப்பவர் படர்க்கை. படர்க்கை பெரும்பாலும் ஒருமையில் வரும். விருந்தாளி வந்தால் பன்மையாகும். அவருக்குச் செயல் கிடையாது, கருத்து மட்டுமே உண்டு. இது என் சொல்லியவாறோ எனின், கோயில் மண்டபத்தில் கல்தரையில் கீறிய ஆடுபுலிக் கட்டத்தைச் சுற்றி நின்று, ஆடுகிறவனைவிட நன்றாக ஆடியவர்களின் நேர் வாரிசு இவர் என்றவாறு. “அந்த ஆட்டை நகர்த்தாதே” என்று சொன்ன வாய்தான் இன்று “இடது பக்கம் போ, இடது பக்கம்” என்கிறது.

மேலைநாட்டார் இச்சிக்கலை வேறு வழியில் அணுகினர். மேசைமுன் உட்கார்ந்தவருக்கும் திரைக்கும் இரண்டடி. சோபாவில் உட்கார்ந்தவருக்குப் பத்தடி. ஆகவே எழுத்தைப் பெரிதாக்கி, மவுஸை ஒழித்து, எல்லாவற்றையும் பத்தடிக்கு ஏற்ப மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அப்படி அமைத்த திரைக்குப் ‘பத்தடி இடைமுகம்’ என்றே பெயர். வாஷிங்டன் மாநிலம் பெல்வியூவில் இருக்கும் வால்வ் நிறுவனம் 2012இல் தன் ஸ்டீம் கடைக்கு அப்படியொரு முகப்பைச் செய்து, ‘பிக் பிக்சர்’ என்று பெயரிட்டது. அதில் எழுத்துகளைத் தட்டும் முறை தனி அழகு. திரையில் எட்டு இதழ் கொண்ட ஒரு பூ மலரும், இதழுக்கு நான்கு எழுத்து. குச்சியைச் சாய்த்து இதழைத் தொட்டு, பொத்தானால் எழுத்தைப் பறிக்க வேண்டும். கடவுச்சொல் நீளமாக வைத்தவர்கள் பூப்பறித்தே ஓய்ந்தார்கள்.

பிறகு 2015 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரில் ஹாலுக்கென்றே கணினிகள் வந்தன. உள்ளறைக் கணினியின் படத்தை ஹால் டிவிக்கு அனுப்பும் ஸ்டீம் லிங்க் பெட்டியும், இரண்டு தொடுபரப்பு பதித்த ஒரு கன்ட்ரோலரும் கூடவே வந்தன. மெஷின்களை வாங்க ஆளில்லை. லிங்க் பெட்டியின் விற்பனை 2018இல் நின்றது. ஐம்பது டாலருக்கு வந்த கன்ட்ரோலர் 2019இல் ஐந்து டாலருக்குத் தள்ளிவிடப்பட்டது. மெஷின்களில் இருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் விளையாட்டுகள் குறைவாக இருந்ததே காரணம் என்பர் ஒருசாரார். அது உண்மைதான். ஆனால் பத்தடியை அளந்தவர்கள், அந்தப் பத்தடிக்கு இப்பால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணவில்லை என்பதே நம் துணிபு.

அற்றேல், 2022இல் அதே நிறுவனம் ஏழங்குலத் திரையோடு கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக்கை விற்று வெற்றி பெற்றதே, அதில் படர்க்கைக்கு இடமே இல்லையே எனின், அதுவே நம் சான்று. படர்க்கையைத் திருப்திப்படுத்த முடியாதவர்கள் அவரை அறையைவிட்டே நீக்கிவிட்டார்கள். ஆனாலும் வாங்கியவர்களில் பலர் அந்த டெக்கையும் ஒரு டாக்கில் வைத்து டிவியில்தான் செருகுகிறார்கள். 2025 நவம்பரில் வால்வ் மறுபடியும் ஒரு ஸ்டீம் மெஷினை அறிவித்தது. சோபா யாரையும் விடுவதில்லை.

இனி, எந்த விளையாட்டு படர்க்கைக்கு ஏற்றது என்பது. பெருநிறுவனங்கள் நூற்றுக்கணக்கானவர்களை வைத்துப் பல ஆண்டு உழைத்து எடுக்கும் பிரமாண்டங்கள் இதற்கு உதவா. கேமரா சுழல்கிற சுழற்சியில் பக்கத்தில் இருப்பவருக்குத் தலை சுற்றும். அரை மணி நேரம் ஒரு குதிரை காட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், “இன்னும் ஊர் வரலியா?” என்பார். ஒருவரோ இருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்யும் இண்டி விளையாட்டின் சங்கதி வேறு. காசும் ஆளும் குறைவு. ஆகவே ஒரே ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டு அதையே கடைசிவரை செய்வார்கள். அந்த யோசனை சோபாவில் இருப்பவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். புரிந்த மறுநிமிடம் அவர் நம்மைவிட நன்றாக ஆடத் தொடங்கிவிடுவார், வாயால்.

மெல்போர்னில் ஒரு சிறு குழு 2019இல் வெளியிட்ட ‘அன்டைட்டில்டு கூஸ் கேம்’ ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரு வாத்து ஓர் ஆங்கிலக் கிராமத்தில் புகுந்து ஊராரை இம்சிக்கிறது. அவ்வளவுதான் கதை. கத்துவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. வாத்து செய்கிற அட்டகாசத்துக்கு ஏற்றபடி தெபுஸ்ஸியின் பியானோ இசை ஏறி இறங்கும். இதில் படர்க்கையின் பங்கு பொருளை அடையாளம் காட்டுவது: “அந்தச் சாவியை எடு, தோட்டக்காரன் திரும்பறான்.” கன்ட்ரோலரைக் கடைசிவரை கேட்க மாட்டார். ஆனால் கத்தும் பொத்தானை மட்டும் ஒருமுறை அழுத்திப் பார்க்க ஆசைப்படுவார். கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது சான்று சீட்டாட்டம் தெரிந்த பெரியப்பா. பெயரை மறைத்துக்கொண்டு ‘லோக்கல்தங்க்’ என்ற புனைபெயரில் எழுதும் கனடாக்காரர் ஒருவர் 2024 பிப்ரவரியில் ‘பலாட்ரோ’வை வெளியிட்டார். போக்கர் சீட்டுச் சேர்க்கைகளுக்குப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பெருக்கித்தர 150 வகை ஜோக்கர்கள். பந்தயப் பணம் கிடையாது. இருந்தும் சூதாட்ட வாடை அடிக்கிறதென்று ஐரோப்பாவில் வயது முத்திரை குத்தும் அமைப்பு அதற்கு 18 என்று குத்தி, முறையீட்டுக்குப் பின் 2025இல் 12 ஆக இறக்கியது. பெரியப்பாவுக்கு அந்தத் தகராறெல்லாம் பொருட்டே இல்லை. “இஸ்பேட் ஏழை எதுக்குடா கழிக்கிறே?” என்பதில் தொடங்குவார். ஜோக்கர் கையில் இருந்தும் அதை வைத்துச் சீக்வன்ஸ் சேர்க்க முடியாது, அது மேலே தனியாக உட்கார்ந்து புள்ளியைத்தான் பெருக்கும் என்று விளக்கினால், “அப்புறம் அது என்ன ஜோக்கர்?” என்று கேட்பார். ரம்மி உலகம் முழுமைக்குமான கேள்வி அது. நம்மிடம் விடை இல்லை. இரவு பதினொன்றுக்கு “இன்னும் ஒரே ஒரு கை” என்று சொல்கிறவர் அவராகத்தான் இருப்பார்.

ஆனால் படர்க்கைக் கொள்கை தன் முழு வடிவில் வெளிப்பட்டது ‘வெண்பா’வில்தான். டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், தாய் வெண்பா, அவள் கையில் அம்மா வீட்டுச் சமையல் குறிப்பேடு, அதில் கறை படிந்தும் கிழிந்தும் பாதி வரி இல்லை. இல்லாத வரியை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். சுயாதீன விளையாட்டு விழாவின் 2024ஆம் ஆண்டுப் பெரும்பரிசும், பாஃப்டாவின் முதல் படைப்புக்கான பரிசும் பெற்றது. முதல் சமையல் இட்லி. தட்டுகளை ஆவி ஏறுகிற மாதிரி எப்படி அடுக்குவது என்பது புதிர். மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் யோசித்து யோசித்து விடை கண்டிருப்பார்கள். எங்கள் ஹாலில் நடந்தது வேறு. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “குழிக்கு மேல குழி வெச்சா மேல் தட்டு மாவு கீழ் இட்லியில ஒட்டாதா? தட்டைத் திருப்பி வைடா” என்றார். புதிர் முடிந்தது. அடுத்து, “எண்ணெய் தடவினியா? துணி போடலியா?” என்று விளையாட்டை வடிவமைத்தவர்களிடமே விசாரணை தொடங்கியது. கீரை பாதியில் நின்றது. மகன் கவின் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற இடங்களில் மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘இந்தப் பொம்மைக்கு இவ்வளவு காசா’ என்று எப்போதும் கேட்பவர் அன்று கேட்கவில்லை என்பதையும் ஆய்வுநேர்மை கருதிப் பதிவுசெய்ய வேண்டும்.

எதிர்ச்சான்றுகளையும் மறைப்பதற்கில்லை. லூகாஸ் போப்பின் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ 2013இல் வந்த அருமையான படைப்பு. எல்லைச் சாவடியில் உட்கார்ந்து கடவுச்சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். பத்தடியில் அந்தத் துண்டுக் காகித எழுத்து யாருக்கும் தெரியாது. ஹாலுக்கு வந்தால் அது கண் பரிசோதனை ஆகிவிடும். அடிலெய்டுக் குழு ஒன்று 2017இல் தந்த ‘ஹாலோ நைட்’டோ இன்னும் மோசம். பூச்சிகளின் பாழடைந்த ராஜ்ஜியம், கண்கொள்ளா அழகு. ஆனால் ஒரே அரக்கனிடம் இருபது தடவை அடிவாங்குவதை எந்தப் படர்க்கையும் பொறுக்காது. நாலாவது தடவையே ரிமோட்டைத் தேடத் தொடங்கிவிடுவார்.

இதற்கிடையே டிவியின் குறுக்கீடு வேறு. டிவிக்குப் படத்தை அப்படியே காட்டிவிட மனசு வராது. வாங்கி, மெருகேற்றி, நடுவே இல்லாத படங்களைச் செருகி, பிறகுதான் காட்டும். வினாடிக்கு 60 சட்டகம் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டகம் ஏறத்தாழ 17 மில்லி வினாடி. மெருகேற்றலில் நூறு மில்லி வினாடி போனால் ஆறு சட்டகம் போயிற்று. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் ஆட்டம். விளிம்பைக் கால் தாண்டிய பிறகும் சில சட்டகங்கள்வரை தாவலை ஏற்றுக்கொள்ளும் கருணையை அதைச் செய்தவர்கள் வைத்திருக்கிறார்கள். டிவி அந்தக் கருணையையும் தின்றுவிடும். தவறு டிவியுடையது, ஆனால் “நீ லேட்டா அழுத்துறே” என்றுதான் படர்க்கை தீர்ப்புச் சொல்லும். டிவி அமைப்புகளில் நாலு அடுக்கு கீழே ‘கேம் மோட்’ என்று ஒன்று புதைந்து கிடக்கும். அதைத் தோண்டியெடுத்துப் போட்டால் உறவுகள் ஓரளவு சீர்படும்.

படர்க்கை தன்மையாக மாறும் அரிய நிலையும் உண்டு. கேம்பிரிட்ஜில் இருவர் செய்த ‘ஓவர்குக்டு’ 2016இல் வந்தது. மறு ஆண்டு பாஃப்டாவின் குடும்ப விளையாட்டுப் பரிசு பெற்றது. நாலுபேர் ஒரே அடுக்களையில் வெங்காயம் நறுக்கி, சூப் வைத்து, தட்டு கழுவ வேண்டும். குடும்ப விளையாட்டு என்று பரிசு கொடுத்தவர்கள் அதைக் குடும்பத்தோடு ஆடிப் பார்த்தார்களா என்பது ஐயத்திற்குரியது. “தட்டு எங்கே? யாரு தட்டு கழுவறது?” என்ற கேள்வி நிஜ அடுக்களைக்கும் நீண்டு, பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வரும். இதை மாமியார், மருமகள், நாத்தனார் மூவரும் இருக்கும் ஹாலில் பரிந்துரைக்க இக்கட்டுரையாளர் துணியவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு வேண்டுகோள் இதுவே. தள்ளுபடி விற்பனை வந்ததும் பத்து விளையாட்டை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல், முன்னோட்டப் படத்தை டிவியில் ஓட்டி, சோபாவில் இருப்பவர் தலை நிமிர்கிறாரா என்று பாருங்கள். நிமிர்ந்தால் வாங்குங்கள். இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்று சார்ஜ் ஏற்றித் தயாராக இருக்கட்டும். ஹெச்டிஎம்ஐ வயரை மட்டும் ஐந்து மீட்டராகவே வாங்கிவிடுங்கள். கணினி ஒரு மூலை, டிவி ஒரு மூலை என்று இருக்கிற நம் ஹால்களில் மூன்று மீட்டர் எட்டாது.