எந்த மரியா?

போர்ச்சுகல்காரர் ஒருவர் தன் வம்சாவளியைத் தோண்டக் கிளம்பினால், அப்பா வழியில் நாலைந்து தலைமுறை மளமளவென்று போய்விடுவார். பாட்டி வழிக்குத் திரும்பியதும் வண்டி சகதியில் இறங்கிவிடும். பாட்டி பெயர் மரியா. பாட்டியின் அம்மா மரியா. மாமியார் மரியா. ஞானஸ்நானத்தன்று குழந்தையைத் தூக்கி நின்ற ஞானத்தாயும் மரியா. எதிர்வீட்டுக்காரி மட்டும் அன்னா. அவளும் மாதாவின் அம்மா பெயரைத்தான் வைத்திருக்கிறாள்.

பழி முழுவதையும் பாதிரிமார் தலையில் போட முடியாது. 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் பங்குதோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. வைத்தார்கள், ஒழுங்காக எழுதினார்கள். ஆனால் ஞானஸ்நானப் பக்கத்தில் குழந்தைக்கு முதல் பெயர் மட்டும்தான். பையன் வளர்ந்ததும் அப்பாவின் பெரேராவையோ ஃபெர்னாண்டெஸையோ எடுத்து மாட்டிக்கொள்வான். குடியானவர் வீட்டுப் பெண்ணுக்கு அதைக் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. வானத்தைப் பார்த்து ஒன்றைப் பறித்துக் கொடுத்தார்கள்: தெ ஜெசூஸ் என்றால் இயேசுவின், தோஸ் அன்ஜோஸ் என்றால் சம்மனசுகளின், தோ எஸ்பிரித்து சாந்து என்றால் பரிசுத்த ஆவியின். நம்மூர்ப் பழைய செபப் புத்தகங்களில் 'இஸ்பிரீத்து சாந்து' என்று வருகிறவர்தான் இவர்.

வேடிக்கை என்னவென்றால், 1530களில் முத்துக்குளித்துறைக்கு வந்த இதே போர்ச்சுகல்காரர்கள், பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு பெர்னாண்டோ, கோமஸ், கர்வாலோ என்று குடும்பப் பெயர்களை அள்ளி அள்ளி வழங்கினார்கள். சொந்த ஊர்ப் பெண்ணுக்கு இல்லாத பெயர் கடல் கடந்து வந்து வலைக்குள் விழுந்தது.

பறித்த பெயராவது நிலைத்ததா? ஒருத்தி கல்யாணப் பதிவில் மரியா தெ ஜெசூஸ் என்று இருப்பாள். மூன்றாவது பிள்ளை பிறக்கும்போது மரியா ரோசா. அடக்கப் பதிவில் மரியா தா கொன்செய்சாவ். ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்று தாலுகா ஆபீஸ் படியேறுகிறோமே, நாம் கொடுத்து வைத்தவர்கள்.

கொன்செய்சாவ் என்பது நமக்குத் தெரிந்த அமலோற்பவம்தான். இந்தப் பெயர் பெருகியதில் அரசாங்கக் கையும் உண்டு. 1646-ல் நான்காம் ஜோவாவ் ராஜா அமலோற்பவ மாதாவையே நாட்டின் பாதுகாவலியாக அறிவித்து, தன் கிரீடத்தை விலா விசோசா என்ற ஊரின் மாதாவுக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப்பின் அங்கே எந்த ராஜாவும் தலையில் கிரீடம் வைக்கவில்லை. படத்துக்கு நிற்கும்போது பக்கத்தில் ஒரு மெத்தைமேல் வைத்துக்கொண்டதோடு சரி. ஆக, மகளுக்குக் கொன்செய்சாவ் என்று பெயர் வைத்தால் பக்தியும் ஆயிற்று, ராஜவிசுவாசமும் ஆயிற்று. வீட்டில் கூப்பிட இவ்வளவு நீளம் ஆகாதென்று அதைச் சுருக்கி 'சாவ்' என்கிறார்கள். வாசலில் நின்று ஒரு தாய் மகளை அப்படிக் கூவினால் தமிழ்க் காதுக்கு வயிற்றைக் கலக்கும். பயப்பட வேண்டாம், புனித பேதுரு, புனித யோவான் என்பதில் வரும் 'புனித' என்ற சொல்லுக்கும் அவர்கள் மொழியில் அதே ஒலிதான்.

மரியா தாஸ் தோரெஸ், துயரங்களின் மரியா. நம் வியாகுல மேரி. மரியா தாஸ் நேவெஸ் பனிகளின் மரியா. ஆகஸ்ட் 5 திருநாள். பனியையே பார்க்காத தூத்துக்குடியில் பனிமய மாதா தேர் ஓடுவதும் அந்த நாளில்தான். மரியா தோஸ் பிரஸெரெஸ் என்றால் மகிழ்ச்சிகளின் மரியா. லிஸ்பனில் அந்த மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் இருந்தது. 1833-ல் காலரா வந்தபோது பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம் போட்டு, அதற்கும் பிரஸெரெஸ் என்றே பெயர் விட்டுவிட்டார்கள். 28-ஆம் எண் டிராம் இன்றைக்கும் நெற்றியில் 'மகிழ்ச்சிகள்' என்று எழுதிக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போய் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது மரியா தோ ஓ. ஆம், வெறும் 'ஓ'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்து மாலைச் செபங்களில் நாளுக்கொரு பல்லவி வரும். ஒவ்வொன்றும் 'ஓ' என்று ராகம் இழுத்துத் தொடங்கும். பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் மாதாவுக்கு டிசம்பர் 18-ல் திருநாள். இழுத்த ராகத்தின் பெயரே மாதாவுக்கு நின்றுவிட்டது, மாதாவிடமிருந்து குழந்தைகளுக்கு இறங்கிவிட்டது. விண்ணப்பப் படிவத்தில் கட்டம் மிச்சமாகும் பெயர்.

கட்டம் போதாத பெயர் வேண்டுமானால் அரண்மனைக்குப் போக வேண்டும். 1819-ல் ரியோ தி ஜனைரோவில் பிறந்த இரண்டாம் மரியா ராணியின் பெயர்: மரியா தா குளோரியா ஜோவானா கார்லோத்தா லியோபோல்தினா தா குரூஸ் பிரான்சிஸ்கா சவியர் தெ பவுலா இசிதோரா மிகேலா கப்ரியேலா ரஃபேலா கொன்சாகா. குரூஸ் சிலுவை. சவியர் வேறு யாருமில்லை, நம் மணப்பாட்டுச் சவேரியார். பிறந்த ஏப்ரல் 4 புனித இசிதோர் திருநாள், அவருக்கும் ஓர் இடம். அதிதூதர் மூவரும் வரிசையாக நிற்கிறார்கள். கடைசியில் கொன்சாகா, நம் ஞானப்பிரகாசியார். இத்தனை பேர் காவல் இருந்தும் ஒரு சித்தப்பாவைத் தடுக்க முடியவில்லை. ஏழு வயதில் ராணியான குழந்தையைக் கட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட சித்தப்பா மிகேல், 1828-ல் பெண்ணை விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் கட்டிக்கொண்டார். அதை மீட்க 1834 வரை சண்டை போடவேண்டியிருந்தது.

1910-ல் ராஜாவை விரட்டிய குடியரசுக்காரர்களுக்குச் சாமியார்களைக் கண்டால் ஆகாது. 1911-ல் பிறப்புப் பதிவைக் கோயிலிலிருந்து பிடுங்கி அரசு அலுவலகத்தில் வைத்தார்கள். அப்பாமார் கவுண்டரில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, அதிகாரியிடம் சொன்ன பெயர் மரியா.

ஆறு வருஷம் கழித்து ஃபாத்திமா என்ற ஊரில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அதிலிருந்து போர்ச்சுகல் முழுக்க மரியா தெ ஃபாத்திமாக்கள் பிறந்தார்கள். நபிகள் நாயகத்தின் மகள் பெயரும் இயேசுவின் தாய் பெயரும் ஒரே தொட்டிலில் தூங்கின. ஆனால் காட்சி கண்ட சிறுமிகள் இருவரையும் வீட்டில் மரியா என்று கூப்பிடவில்லை. ஒருத்தி லூசியா, மற்றவள் ஜசிந்தா. கூப்பிட்டால் யார் திரும்புவது என்ற குழப்பம் வேண்டாமென்று மாதாவே பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

ஜசிந்தா சிறுவயதிலேயே இறந்துபோனாள். லூசியா கன்னியாஸ்திரி ஆனார். மடத்தில் அவருக்குக் கொடுத்த பெயர்: சகோதரி மரியா தாஸ் தோரெஸ்.