ஓடக்கூடாத ஓட்ட வேலை

1996இல் எனக்குப் பதினாறு வயது. ஓ/எல் எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பெடியனை வீட்டில் வைத்திருந்தால் பாணுக்குத்தான் நட்டம் என்று அம்மா கண்டுபிடித்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏற்றி, வெள்ளவத்தையில் ஒரு கொமினிக்கேஷனுக்கு, அதாவது காசு கொடுத்துப் போன் பேசும் கடைக்கு, வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அப்போது வெள்ளவத்தை லொட்ஜுகள் நிறைய யாழ்ப்பாணத்து ஆட்கள். கனடா, சுவிஸ் என்று விசாவுக்குக் காத்துக் கிடந்தார்கள். அங்கேயிருந்து பிள்ளைகள் கடைக்கு அடிப்பார்கள். "அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ, பத்து நிமிசத்தில திரும்ப எடுக்கிறன்." அந்தப் பத்து நிமிடத்துக்குள் ராமகிருஷ்ண வீதிக்கோ ஹம்டன் லேனுக்கோ போய் அம்மாவைக் கொண்டுவருவதுதான் என் உத்தியோகம்.

முதல் நாள் ஓடினேன். ஜனவரியில் மத்திய வங்கியில் குண்டு வெடித்ததிலிருந்து முடக்குக்கு முடக்கு சென்ட்ரி. தமிழ்ப் பெடியன் காலி வீதியில் ஓடினால் பின்னால் இன்னும் நாலு பேர் ஓடிவருவார்கள் என்பது அன்றைக்கு விளங்கியது. அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து விட்டார்கள். அதற்குள் சுவிஸ் மகன் போனை வைத்துவிட்டான். பிறகு ஒரு புது நடை பழகினேன். இடுப்புக்கு மேலே கோயிலுக்குப் போகிறவன், கீழே பஸ்ஸுக்குப் பிந்தியவன்.

மே மாதம் அடுத்த இடி. மழையில்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, கரண்ட் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நாட்டின் மணிக்கூட்டையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். கடைச் சுவரில் புதிய நேரம், ஆச்சியின் கையில் பழைய நேரம், ரொறன்ரோவில் மகன் விரல்விட்டுப் போட்ட நேரம். "ஆறு மணிக்கு எடுப்பன் எண்டவன், தம்பி." "எந்த ஆறு மணி, ஆச்சி?"

சம்பளம் பெரிதில்லை. பின்னேரத் தேத்தண்ணிதான் பெரிது. பக்கத்துக் கடையில் குந்தியவுடன் கேளாமலே ஒரு தட்டு வரும்: ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மாலு பணிஸ். தின்றதை எண்ணிக் காசு. மிச்சம் அடுத்த மேசைக்கு. விரலால் அமத்திப் பார்த்து, "சூடில்லை" என்று திரும்ப வைக்கிற கனவான்கள் உண்டு. என் மேசைக்கு வரும்போது ரோல்ஸின் முகத்தில் ஏழெட்டுச் சென்ட்ரி தாண்டிய களை இருக்கும். நான் ஒன்று தின்பேன். இரண்டாவதைப் பார்ப்பேன்.

போன் பேசி முடித்த முகத்தைப் பார்த்தே அன்றைய வரும்படியைச் சொல்லிவிடுவேன். "இன்னும் கொஞ்ச நாளாம்" என்றால் பிளேன்ரீ. "பேப்பர் சரி வந்திட்டுதாம்" என்றால் நெக்டோ.

ஒருநாள் ஹம்டன் லேன் அம்மா ஒருவர், ஏழு மாதமாக நான் கூட்டிவந்த அம்மா, ரிசீவரை வைத்துவிட்டு என்னை அந்தக் கடைக்கு இழுத்துப் போனார். தட்டு வந்தது. முழுவதையும் என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் உனக்குத்தான் ராசா. எனக்கு நாளைக்கு பிளைற்."

எட்டு உருப்படி. மறுக்கவில்லை. அவர் பிளேன்ரீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எண்ண வந்த வெயிட்டர் அண்ணை, வெறுந்தட்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.