கேமரா தூக்கி வந்த தம்பிக்கு

வாங்க தம்பி, வாங்க. தோள்ல தொங்குத அந்தக் குழாயோட விலைய ஒங்க டிரைவர்கிட்டதான் கேட்டேன். அந்தத் துட்டுக்கு எங்கூர்ல பசுமாடு வாங்கித் தொழுவத்த நெரப்பிரலாம். பரவால்ல, பறவையக் காப்பாத்தத்தான வந்திருக்கீய? பனியன்லயே எழுதியிருக்கே!

கூந்தன்குளத்துக்காரனுக்கு அந்த அளவுக்குப் பனியன் கிடையாது. நாங்க தீவாளிக்கு வெடி போடமாட்டோம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளையள்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கும், இருக்கட்டும்னு விட்டுருவோம். கூட்டுலருந்து தவறி விழுந்த குஞ்ச எடுத்து மீன் கொடுத்துத் தேத்துவோம். கொல்லையில நிக்க வேப்பமரத்துல பறவை கூடு கட்டி, காயப்போட்ட வேட்டி மேலயே எச்சம் போடும், தொடச்சுக்கிடுவோம். அந்த எச்சம் கரைஞ்ச தண்ணி வயலுக்குப் பாஞ்சா ஒரச் செலவு மிச்சம், அதையும் மறைக்கப்படாதுல்லா. கெவருமெண்டு 1994-லதான் சரணாலயம்னு போர்டு வச்சுது. இப்ப ராம்சாருங்க உலக ஈரநிலப் பட்டியல்லயும் பேரு ஏறிட்டு. எங்க தாத்தா காலத்துலருந்து பறவையப் பாத்துக்கிட்டு இருக்கோம், ஒரு பய ஒரு லைக்கு போடல. நீங்க ஒத்தப் படம் போட்டா ஊரே கையத் தட்டுதாம். கொடுத்து வச்சவுக.

நல்ல படத்துக்கு ஒரு வழி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. செக்கச்செவேல்னு ஒரு சட்டையப் போடுங்க. கருவேல மரத்து மூட்டுக்கே போயிருங்க. கொப்பு மறைச்சா ஒடிச்சிருங்க. மறைச்சது அது தப்புதான? சவம், பறவை அசையாம உக்காந்திருந்தா படம் எடுபடாது. ஒரு கல்ல விட்டெறிங்க. அம்புட்டும் ஒண்ணாக் கெளம்பும், வானம் நெறஞ்ச படம் கெடைக்கும். 'சுதந்திரம்'னு தலைப்பு வைங்க.

அந்தப் படத்த நீங்க பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருக்கையில, கூட்டுப் பக்கம் மட்டும் திரும்பிராதீய. அங்கன காக்காவுக்கு முட்டை விருந்து நடக்கும். மஞ்ச மூக்கு நாரை இருக்கே, அது சித்திரை வெயில்ல றெக்கைய விரிச்சு நெழல் கொடுத்துத்தான் குஞ்ச உசுரோட வச்சிருக்கும். தாயி எந்திரிச்சுப் போயிட்டா இறகு மொளைக்காத குஞ்சு எம்புட்டு நேரம் தாங்கும்? பிள்ளை பெத்தவ படுத்திருக்க ரூமுக்குள்ள, சொந்தக்காரனே ஆனாலும் கதவத் தட்டாம போவீயளா? இங்க தட்டுததுக்குக் கதவு இல்லங்கதுனால ஒங்களுக்கு வசதியாப் போச்சு.

வாச்சர் வந்து கேட்டா, 'என்கிட்ட துப்பாக்கியா இருக்கு?'ன்னு வெறப்பாக் கேளுங்க. அவரு 1972-ம் வருசத்து வனவிலங்குச் சட்டத்தச் சொல்லுவாரு. அதுல பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்ணுததும் வேட்டைதான்னு எழுதியிருக்கு. ஒரு குண்டும் சுடாம வேட்டைக்காரரு ஆயிரலாம்.

செல்போன்ல குருவிச் சத்தத்த வச்சு வரவழைக்க வித்தையும் பாத்திருக்கேன். எதிராளி வந்துட்டான்னு நெனச்சு அந்தக் குருவி இரையத் தேடாம, இல்லாத எதிரியத் தேடி அலையும். நீங்க எடுத்துட்டுப் போன பொறவும் அலையும்.

எங்க பக்கத்துப் படக்காரரு ஒருத்தரயும் சொல்லுதேன். திருநெல்வேலியில 1912-ல பொறந்தவரு, மா. கிருஷ்ணன். எழுத்தாளர் மாதவையாவோட மகன். வேற வேற பாகத்தப் பொறுக்கி அவரே கூட்டிக்கட்டுன கேமராவ வச்சுக்கிட்டு, கருப்பு வெள்ளையிலயே எடுத்தாரு. 1950-லருந்து 1996-ல கண்ண மூடுத வரைக்கும் ஸ்டேட்ஸ்மேன் பேப்பர்ல காட்டையும் பறவையையும் பத்தி எழுதுனாரு. படமும் எழுத்தும் ஒருத்தருகிட்டயே இருந்துச்சு. ஒங்ககிட்ட கலரு இருக்கு, குழாய் இருக்கு. படத்துக்குக் கீழ எழுதத்தான் ஒண்ணும் இல்ல. ஒரு இதயம், ரெண்டு நெருப்பு, முடிஞ்சுபோச்சு.

கோவிச்சுக்கிடாதீய. பறவை பாக்க கட்டியிருக்க கோபுரத்துல ஏறி, தண்ணி கிண்ணி குடிச்சுட்டு, வாயப் பொத்திக்கிட்டு உக்காருங்க. எங்கூர்ப் பறவைக்கு மனுச வாடை பழக்கம், ஆட்டம் போடுதவனத்தான் பிடிக்காது. நீங்க இருக்கத அது மறந்த பொறவு வருது பாருங்க, அதுதான் படம். கூழைக்கடாவ மட்டும் வெட்டி எடுக்காதீய. மரமும் தண்ணியும் கரையில துணி தொவைக்க பொம்பளையளும் சேந்து விழட்டும். அது எங்க பொழைக்குதுன்னு பாக்கவனுக்குத் தெரியணும்லா?

பனிக்காலத்துல வரித்தலை வாத்து இமயமலையத் தாண்டி வரும். மங்கோலியாவுல கழுத்துல நம்பர்ப் பட்டை மாட்டி விட்ட வாத்து தென்னாட்டுக் குளங்கள்ல எறங்கியிருக்கு. மூஞ்சி அழகா விழலைன்னாலும் சரி, அந்த நம்பர் தெளிவா விழணும். தேதியையும் குளத்துப் பேரையும் சேத்துப் போட்டீயன்னா ஆராய்ச்சிக்காரவுக ஒங்களக் கும்பிடுவாக. 2015-லருந்து பொங்கலுக்குப் பொங்கல் பறவைக் கணக்கு எடுக்காக, அதுக்கும் வாங்க. கணக்கெழுத நோட்டும் பென்சிலும் போதும்ங்கதுதான் ஒங்களுக்குக் கஷ்டம். ஆனா ஆந்தைக் கூட்டையோ அரிதான ஒண்ணையோ பாத்தீயன்னா, எடத்தச் சொல்லாதீய. நீங்க சொன்னா நாளைக்கு இருவது குழாய் வந்து நிக்கும், பின்னால பிடிக்க வலையும் வரும்.

இன்னொண்ணு. மணிமுத்தாத்துத் தண்ணி வந்தாத்தான் இந்தக் குளம் நெறையும், குளம் நெறஞ்சாத்தான் இதுக எறங்கும். தண்ணி வராத வருசம் ஒரு கேமராவும் இந்தப் பக்கம் வரக் காணோம். அன்னைக்கும் வாங்க தம்பி. வெடிச்சுக் கெடக்க குளத்தையும், கூடு இல்லாத மரத்தையும் படம் எடுத்து, தேதி போட்டு, கலெக்டராபீசுக்கும் ஒங்க பேஸ்புக்குக்கும் அனுப்புங்க. அதுக்கு லைக்கு விழாது. மடையத் தொறக்க ஆளு வந்தாலும் வருவாக.