மூலப் பத்திரம் இல்லாத பட்டணம்

சென்னையில் குடியிருப்பவனுக்கும் சென்னையைச் சுற்றிப் பார்ப்பதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. தினந்தோறும் கோட்டையைக் கடந்து ஆபீசுக்குப் போகிறவனுக்கு, அந்தக் கோட்டைக்குள்ளே ஒரு மாதா கோயில் இருக்கிறது என்பதும், அது 1680-ஆம் வருஷத்திலிருந்து அங்கேயே இருந்துவருகிறது என்பதும், ஊரிலிருந்து உறவினர் யாராவது வந்திறங்கி, "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்களேன்" என்று சொல்லும் வரையில் தெரியவருவதில்லை. ஆகையால் பட்டணவாசிக்குத் தன் ஊரைப் பற்றி உண்டாகும் ஞானமெல்லாம் விருந்தாளிகளின் புண்ணியத்தில் சம்பாதித்தது என்றே சொல்லவேண்டும். வருகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து அந்த ஞானத்தின் தன்மையும் மாறும். கோயமுத்தூர்க்காரர் வந்தால் நம்முடைய குடிதண்ணீரைப் பற்றியும், திருநெல்வேலிக்காரர் வந்தால் அல்வா என்ற பெயரில் இங்கே விற்கப்படும் வஸ்துவைப் பற்றியும் உண்மையை அறிந்துகொள்ளலாம். கும்பகோணத்துக்காரர் வந்துவிட்டாலோ, நமக்குக் காப்பியும் தெரியாது, காலமும் தெரியாது என்பதை ஏக காலத்தில் அறிந்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் கும்பகோணத்துக்காரர். என் மனைவிக்குப் பெரியப்பா. உத்தியோக காலம் முழுவதையும் பத்திரப் பதிவு ஆபீசில் கழித்து ஓய்வு பெற்றவராகையால், ஒரு பொருளைக் கண்டால் அது அழகாயிருக்கிறதா, பிரமாண்டமாயிருக்கிறதா என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தது, எந்தத் தேதியில், நான்கெல்லை என்ன, வில்லங்கம் ஏதாவது உண்டா என்றுதான் பார்ப்பார். இந்த சுபாவத்தோடுகூட, சோழ தேசத்தில் பிறந்தவர்களுக்கே உரிய ஒரு விசேஷ குணமும் அவருக்கு உண்டு. ஆயிரம் வருஷத்துக்குக் குறைந்த கட்டடத்தை அவர் கட்டடமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. தாராசுரத்தைப் பற்றிக்கூட, "இரண்டாம் ராஜராஜன் காலத்தது, எண்ணூறு வருஷத்துச் சொச்சந்தானே" என்று சற்று இளப்பமாகத்தான் பேசுவார். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு, முந்நூற்றெண்பது வருஷ வயசுகூடச் சரியாக நிரம்பியிருக்கிறதோ இல்லையோ என்று ஜனங்கள் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருக்கும் பட்டணத்தில் நான் எதைக் காண்பிப்பது?

சுற்றிப் பார்க்கப் புறப்படுவதற்கு வெள்ளிக்கிழமையே சிலாக்கியமான நாள் என்று பெரியப்பா தீர்மானித்தார். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்று நான் சொன்னபோது, "சர்க்கார் ஸ்தாபனம் நல்ல நாளில் மூடியிருக்குமா, மாப்பிள்ளை?" என்று என் அறியாமையைக் கண்டு இரங்கினார். பத்தரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடுமாதலால் அதற்கு முன்பே புறப்பட்டு, மெட்ரோவுக்காக வெட்டிப் போட்டிருந்த வீதிகளையெல்லாம் பிரதக்ஷிணம் செய்து, 1851-ல் தொடங்கிய அந்த மகா ஸ்தாபனத்தின் வாசலில் போய் இறங்கினோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே செப்புத் திருமேனிகளுக்கென்றே தனியாக ஒரு கூடம் இருக்கிறதென்றும், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரை அங்கேதான் எழுந்தருளப் பண்ணியிருக்கிறார்கள் என்றும் நான் விவரித்தேன்.

"திருவெண்காடா? சீகாழிக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுவா? அப்படியானால் எங்கள் தஞ்சாவூர் ஜில்லாச் சொத்து என்று சொல்லுங்கள்" என்று பெருமூச்சு விட்டார் பெரியப்பா. "எங்கள் ஊர்க்காரரை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, எங்களையே பார்க்கவிடாமல் பூட்டியும் வைத்திருக்கிறீர்கள்."

அங்கிருந்து கோட்டைக்குப் போனோம். கோட்டையிலுள்ள மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமையே விடுமுறை என்பதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. வாசல் காவலர்கள் பையைச் சோதித்தபோது பெரியம்மாவின் முறுக்குச் சம்புடம் அகப்பட்டு, அது ஆயுதமல்ல என்பது நிரூபணமாகச் சிறிது நேரம் பிடித்தது. உள்ளே நுழைந்ததும், தாமர்ல வெங்கடாத்திரி நாயக்கர் என்பவர் 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இந்த மணல்வெளியை எழுதிக் கொடுத்ததுதான் பட்டணத்துக்கே ஆரம்பம் என்று சொல்லிவைத்தேன். பெரியப்பா நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு பிரகாசம் தோன்றிற்று.

"ஒரு பட்டணமே பத்திரத்தில் பிறந்திருக்கிறது என்கிறீர்களா?"

"ஆமாம், பெரியப்பா."

"தேதி?"

"ஆகஸ்டு 22. ஜூலை 22 என்று சொல்கிறவர்களும் உண்டு."

"சொல்கிறவர்கள் இருக்கட்டும். பத்திரத்தில் என்ன கண்டிருக்கிறது?"

அந்தத் தேதி விஷயமாகச் சரித்திர ஆசிரியர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் இருக்கிறதென்றும், எழுதி வாங்கியதாகச் சொல்லப்படும் பிரான்சிஸ் டே துரை ஜூலை 22-ஆம் தேதி இந்தப் பக்கம் வந்தே சேரவில்லை என்பது ஒரு கட்சி என்றும், ஜனங்கள் ஆகஸ்டையே சென்னை தினமாகக் கொண்டாடிவருகிறார்கள் என்றும் நான் மென்று விழுங்கினேன். பெரியப்பாவின் முகத்திலிருந்த பிரகாசம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. "தேதியில் தகராறு, எழுதி வாங்கினவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். 1639-ல் அந்த மேஜைக்குப் பின்னால் பெரியப்பா உட்கார்ந்திருக்கும் பட்சத்தில், ஹைகோர்ட்டும், சென்ட்ரல் ஸ்டேஷனும், என்னுடைய வீட்டுக் கடனும் இந்த உலகத்தில் உண்டாகியே இரா என்பதை நினைத்தபோது எனக்கு ஒரு கணம் ஏக்கமாகக்கூட இருந்தது. மாதா கோயிலில், ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் இங்கேதான் விவாகம் நடந்தது என்று சொன்னேன். "பதிவு செய்திருக்கிறார்களா?" என்று கேட்டார். செய்திருக்கிறார்கள் என்றதும், "அந்த மட்டுக்கும் ஒழுங்கு" என்று கிளைவை மன்னித்துவிட்டார்.

பிறகு பசி வந்தது. பட்டணத்து ஓட்டலில் மத்தியான வேளையில் சாப்பாட்டுக்கு இடம் பிடிப்பதென்பது ஒரு தனி சாஸ்திரம். சாப்பிட்டுக்கொண்டிருப்பவருடைய நாற்காலிக்குப் பின்னால், அவர் முதுகில் நம் மூச்சுப் படாத தூரத்திலும், மூன்றாம் மனிதர் எவரும் நடுவில் நுழைந்துவிட முடியாத நெருக்கத்திலும் நின்றுகொள்ளவேண்டும். இலையைப் பார்க்கவேண்டும், ஆனால் சுவரிலுள்ள விலைப்பட்டியலைப் பார்ப்பதாகத் தோன்றவேண்டும். சாம்பார் கட்டத்தில் இருப்பவருக்குப் பின்னால் நிற்பது மதியீனம். ரசத்தில் இருப்பவரை நம்பலாம் என்பார்கள். எனினும் ரசத்துக்கு அப்புறம் வத்தக்குழம்புக்குத் திரும்பிப் போகிற துர்க்குணம் படைத்தவர்கள் உண்டு. மோருக்கு வந்துவிட்டவரே உத்தமர். பெரியப்பா அப்படிப்பட்ட ஓர் உத்தமரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பின்னால் போய் நின்றார்.

உத்தமர் மோர்ச்சாதத்தை வழித்துச் சாப்பிட்டார். இலையின் மேற்பாதியில் கையை வைத்தார். மூடப் போகிறார் என்று நாங்கள் ஓரடி முன்னெடுத்து வைத்த தருணத்தில், அந்தக் கை இலையைத் தாண்டிச் சென்று, இதுகாறும் ஒதுக்கி வைத்திருந்த பாயசக் கிண்ணத்தைப் பற்றி இழுத்தது. அந்தச் சின்னஞ்சிறு கிண்ணத்தில், உள்ளங்கை அகலப் பாயசத்தில், முந்திரிப் பருப்பு எங்கே மறைந்திருக்கிறதென்று ஸ்பூனால் அவர் நடத்திய ஆராய்ச்சி இருக்கிறதே, கடலுக்கடியில் முத்துக் குளிக்கிறவர்கள்கூட அத்தனை பொறுமையோடு தேடியிருக்கமாட்டார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டால் அநுபவ பாத்தியதை கொண்டாடிவிடுவான் போலிருக்கிறதே!" என்று என் காதில் முணுமுணுத்தார் பெரியப்பா. பெரியம்மா மட்டும், இந்தச் சாஸ்திரம் எதையும் அறியாதவளாய், அடுத்த மேஜையில் எழுந்திருந்த ஒரு குடும்பத்தின் இடத்தில் சாவதானமாகப் போய் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கைகாட்டி அழைத்தாள்.

சாப்பாட்டில் விசேஷமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முடிவில் வந்த காப்பிதான் விபரீதமாய் முடிந்தது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றி, ஒரு வாய் குடித்து, தம்ளரைக் கீழே வைத்து, "இரண்டாம் டிகாக்ஷன்" என்று பெரியப்பா தீர்ப்பளித்தார். பரிமாறுகிற பிள்ளை சற்றும் அயராமல், "சார், அது கும்பகோணம் டிகிரி காப்பி சார்" என்று சுவரிலிருந்த போர்டைச் சுட்டிக் காட்டினான். பெரியப்பா போர்டைப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார். "எங்கள் ஊரைக் கேட்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, மாப்பிள்ளை!" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

இது விஷயத்தில் பெரியப்பாவுக்குச் சமாதானம் சொல்வது சுலபமல்ல. ஏனெனில் பட்டணத்தின் சாப்பாட்டுச் சங்கதியை எங்கே தொட்டாலும் வெளியூர்க் கையெழுத்துத்தான் தென்படுகிறது. இட்டிலி தோசைக்கு ஓட்டல் வைத்து நமக்கு வழிகாட்டியவர்கள் உடுப்பிக்காரர்கள். அவர்களில் கிருஷ்ண ராவ் என்பவர் 1938-ல் ராயப்பேட்டையில் ஆரம்பித்த உட்லண்ட்ஸ் பிரசித்தமானது. பிரியாணிக்கு ஆம்பூரைச் சொல்கிறார்கள். மீன் குழம்புக்குச் செட்டிநாட்டைச் சொல்கிறார்கள். அன்று மாலை திருவல்லிக்கேணி ரத்னா கபேயில், இட்டிலி இரண்டும் தலை தெரியாமல் முழுகும்படி சாம்பாரை ஊற்றி, முழுகினது போதாதென்று கேட்கக் கேட்க மேலும் ஊற்றினார்கள். பெரியப்பா மெய்ம்மறந்து சாப்பிட்டுவிட்டு, "இதாவது உங்கள் ஊர்ச் சரக்குத்தானே?" என்று ஆவலோடு கேட்டார். 1948-ல் அதைத் தொடங்கியவர் வடநாட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லும்படியாகிவிட்டது. சாம்பாருக்கு வடக்கேயிருந்து ஆள் வரவேண்டியிருந்த ஊர் என்று அவர் தம் மனத்துக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார் என்பதைக் கண்டேன்.

கடற்கரைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். சமுத்திரத்துக்கு வயசு கேட்க முடியாது அல்லவா? பெரியம்மா புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைத்தாள், தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் பொட்டலம் பொட்டலமாக வந்தது, பலூனைச் சுட்டோம், மிளகாய் பஜ்ஜி போடுகிற பெண்பிள்ளையிடம் பெரியம்மா எண்ணெயைப் பற்றி விசாரித்து, திருப்தியான பதில் கிடைக்காமலே வாங்கிச் சாப்பிட்டாள். பெரியப்பா மணலில் கால் நீட்டி உட்கார்ந்து, "எவ்வளவு விஸ்தாரம்!" என்று தாமாகவே வாய்விட்டுச் சொன்னார். அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வழிகாட்டி உத்தியோகத்தில் ஒருநாள் இருந்தவனுக்குச் சும்மா இருப்பது சாத்தியமல்ல. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை போட ஆரம்பித்தார்கள் என்றும், தெற்கேயிருந்து வடக்கே அலை அடித்துக்கொண்டு போகும் மணல் அங்கே தடைப்பட்டு இந்தப் பக்கத்தில் ஒதுங்கி ஒதுங்கித்தான் கரை இத்தனை அகலமாயிற்று என்றும், கிராண்ட் டப் என்ற கவர்னர் 1884-ல் உலாவும் சாலை போட்டு மெரீனா என்று பெயர் வைத்தபோதுகூடக் கடல் இன்னும் அருகில்தான் இருந்தது என்றும் விளக்கினேன்.

"அப்படியானால் வடக்கே?" என்றார் பெரியப்பா.

"வடக்கே ராயபுரத்துப் பக்கம் மணல் போய்ச் சேராமல் கடல் கரையை அரித்துவிட்டது."

பெரியப்பா எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினார். தட்டின விதத்தில், ராயபுரத்தாருக்குச் சேரவேண்டிய சொத்தில் ஒரு துளிகூடத் தம் மேல் ஒட்டியிருக்கக் கூடாது என்ற ஜாக்கிரதை தெரிந்தது. "எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மயிலாப்பூர். கபாலீசுவரர் சந்நிதியில் பெரியப்பா எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று பெரியம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆதியில் கோயில் கடலோரத்தில் இருந்ததென்றும், போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு இப்போதைய இடத்தில் எழும்பியதென்றும் சொல்லும் வழக்கத்தை நானும் பிரஸ்தாபிக்கவில்லை. மாடவீதியோரம் காளத்தி கடையில், தொங்கும் பத்திரிகைகளுக்கு நடுவே நின்று ரோஸ்மில்க் குடித்தோம். அன்றைக்கு மத்தியானந்தான், பட்டணத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஒரு தஸ்தாவேஜு என் கைவசம் இருப்பது ஞாபகம் வந்தது. சைதாப்பேட்டைக்குப் போய் வடைகறி வாங்கிக் கொடுத்தேன். கடலைப் பருப்பு வடையைப் பிய்த்துப் போட்டு, சோம்பும் பட்டையும் மணக்கக் கொதிக்கவைத்த அந்தக் குழம்பை, செட் தோசையில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதை எந்த ஊர் உரிமை கொண்டாடுகிறது?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டார். "ஒருவரும் இல்லை, பெரியப்பா. எங்களுடையது." அவர் யோசித்தார். "மிஞ்சிப்போன வடையை வைத்துக்கொண்டு யார்தான் உரிமை கொண்டாடுவார்கள்?" என்றார். ஆனால் இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.

சாயங்காலம் பர்மா பஜாருக்குப் போனோம். பேத்திக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் வேண்டுமென்றார்கள். பக்கத்துச் செகண்ட் லைன் பீச்சில் அத்தோக் கடைகள் போட்டிருந்தன. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கப்பலில் கூடவே கொண்டுவந்த பட்சணம் அது. செம்மஞ்சள் நிறத்து நூடுல்ஸை வட்டிலில் போட்டு, கோஸும் வெங்காயமும் பொரித்த வெங்காயமும் தூவி, புளித்தண்ணீரும் எண்ணெயும் விட்டு, மிளகாய்த் தூளைப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுக்கிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். கறி, முட்டை எல்லாம் தனி, கேட்டால்தான் போடுவது என்று கடைக்காரர் உறுதி சொன்ன பிறகு பெரியம்மா பெஞ்சியில் உட்கார்ந்தாள். பெரியப்பா நின்றுகொண்டே விசாரணையை ஆரம்பித்தார்.

"எத்தனை வருஷமாகக் கடை நடக்கிறது?"

"தாத்தா பர்மாலேர்ந்து வந்து போட்டதுங்க. அப்புறம் அப்பா, இப்ப நான்."

"மூன்று தலைமுறை" என்று பெரியப்பா தலையசைத்தார். "இடம் யார் பேரில் இருக்கிறது?"

"இடமா?" கடைக்காரர் பிசைவதை நிறுத்தாமலே சிரித்தார். "பிளாட்பாரம் சார். அது யார் பேர்ல இருக்கும்?"

பெரியப்பா பிளாட்பாரத்தைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். வட்டிலிலிருந்து வெங்காயம் பொரிந்த வாசனை அவர் மூக்குக்கு நேரே வந்துகொண்டிருந்தது. பெரியம்மா அதற்குள் இரண்டாவது கிண்ணம் சூப்புக்குக் கையை நீட்டிவிட்டாள்.

"சற்று நகர்ந்து உட்கார்" என்றார் பெரியப்பா அவளைப் பார்த்து. பிறகு கடைக்காரரிடம், "எனக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்" என்றார்.