மந்திர 'ஈ' மகாத்மியம்

புனேயின் வானவடியில் நாலு வயதுப் பிள்ளையை ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்காத தாய்க்கு லிஃப்டில் தலைநிமிர முடியாது. ஜாலி ஃபோனிக்ஸ் முறையில் மொத்தம் 42 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அபிநயம். 'எஸ்' வந்தால் கை பாம்பாக நெளிய வேண்டும். பரதநாட்டியத்துக்குத் தனியாக அனுப்பும் செலவு மிச்சம்.

பிறகு மந்திர 'ஈ' பாடம். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' தான் வாய் திறக்காது. முன்னால் இருக்கும் உயிரெழுத்தை மட்டும் அதட்டி அதன் பெயரைச் சொல்ல வைக்கும், மாமியார் மாதிரி. ஜூன், டியூன் எல்லாம் அப்படித்தான். விதியைக் கரைத்துக் குடித்த குழந்தை, ஆட்டோவிலிருந்து பெயர்ப்பலகையில் புனேயைப் பார்த்து 'பியூன்' என்று படித்தது. "இவ்வளவு ஃபீஸ் கட்டி பியூனா!" என்று அம்மா பதறினாள். விதிப்படி குழந்தை சொன்னதுதான் சரி.

ஊர்ப்பெயரும் லேசுப்பட்டதல்ல. ஒரு பலகையில் 'வானவ்ரி', அடுத்ததில் 'வன்வாடி'. 1794இல் இங்கே காலமான மராட்டியத் தளபதி மகாதஜி ஷிண்டேயின் நினைவிடம் ஷிண்டே சத்ரி. அந்த ஷிண்டேயை வெள்ளைக்காரன் சிந்தியாவாக்கி, நடுவில் ஊமையாக ஒரு 'சி'யையும் செருகிவிட்டான். அதற்கு எந்த அபிநயமும் கிடையாது.

ஆங்கிலத்துக்குப் புது எழுத்து வேண்டுமென்று 1950இல் இறந்த பெர்னார்ட் ஷா உயிலில் பணமே ஒதுக்கினார். எழுத்தும் வந்தது, ஆள்தான் வரவில்லை. வானவடியில் கேட்டால், ஊமை எழுத்தெல்லாம் அடுத்த லெவலில் வருமாம். அதற்கு ஃபீஸ் தனி.